ஆறாம் நம்பர் கட்டில்

கண்டக்டரம்மாவுக்கு உட்கார்ந்தபடி பயணம் போகத் தெரியாது. இருபத்தாறு வருஷம் டவுன் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வேன் பிடித்துப் போனால்கூட, பத்தாவது நிமிஷம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "உக்காரும்மா, இங்க யாரும் உன்கிட்ட டிக்கெட் கேக்கல" என்று மகள் புடவையைப் பிடித்து இழுப்பாள். அடுத்த வளைவில் மறுபடி நின்றுகொண்டிருப்பார்.

சும்மா நிற்கவும் மாட்டார். யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்வை பார்ப்பார். "பெரியம்மா, நீங்க முன்னால வாங்க, பின்னால தூக்கிப் போடும். தம்பி, நீ எந்திரி, கைக்குழந்தைக்காரங்க உக்காரட்டும்." ஐந்து நிமிஷத்தில் வேனே கலைந்து வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கும். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. பஸ்ஸுக்குள் கண்டக்டர் சொன்னால் ஆள் எழுந்திருப்பான். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். டவுன் பஸ் சீட்டுக்கு நம்பர் கிடையாது. டிக்கெட் ஆளோடு போகும், ஆள் எங்கே உட்கார்ந்தால் என்ன?

அந்தக் கால்கள் ஐம்பத்து நாலாவது வயதில் பழி வாங்கின. இடது முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சைக் கயிறு போல முறுக்கிக்கொண்டு புடைத்தன. கணுக்காலில் ஒரு புண் வந்தது, போவேனா என்றது. டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட வேண்டும் என்றார். ஆனால் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிக் கிடந்தது.

"அஞ்சாறு நாள் முன்னாடியே வந்து படுத்துருங்க. ஊசி போட்டு சர்க்கரையை இறக்கிட்டுத்தான் கத்தி வைக்க முடியும்."

"படுக்கணுமா?" என்றார் கண்டக்டரம்மா, ஜெயிலுக்குப் போகச் சொன்ன மாதிரி.

ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு ஆகாமல் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய அக்கா முப்பத்தொரு வயதில் காய்ச்சல் என்று ஓர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள். பென்சிலின் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று வாசலிலேயே சொன்னாள். சீட்டில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தார்கள். மதியம் அவளை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாற்றினார்கள். அவள் போனாள், சீட்டு போகவில்லை. சாயங்காலம் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. யார் போட்டது, யார் சீட்டை விட்டது என்று அன்றைக்கு அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. "உடம்பு தாங்கல" என்றார்கள். யாருடைய உடம்பு, எதைத் தாங்கவில்லை என்று கேட்கத் தெரியாமல், வார்டு வாசலில் அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அப்போது இருபத்து மூன்று வயதாக இருந்த கண்டக்டரம்மா.

அதனால் அட்மிஷன் அன்று துணிப்பையோடு ஒரு நோட்டும் வந்தது. மாத்திரையின் பெயர், நிறம், நேரம், கொடுத்தவர் யார் என்று நாலு கோடு போட்ட நோட்டு. அட்டையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மாத்திரையை வாங்க மாட்டார். "அட்டையைக் காட்டுங்க. மொட்டையா வந்தா அது என்ன மாத்திரைன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்." ஊசி என்றால் மருந்துக் குப்பியை வாங்கி, கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கூட்டி வாசிப்பார். கை கழுவினீர்களா என்று ஒருமுறை பெரிய டாக்டரிடமே கேட்டுவிட்டார். அவர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது.

பெண்கள் வார்டு அது. இந்தப் பக்கம் பத்துக் கட்டில், அந்தப் பக்கம் பத்துக் கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் கறுப்புப் பெயிண்டில் நம்பர். கண்டக்டரம்மாவுக்குக் கிடைத்தது ஆறு, கழிவறைக் கதவை ஒட்டியது. கதவு ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் கட்டில் அதிரும். பினாயில் வாடை தலையணைக்குள் புகுந்து குடியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, அங்கிருந்து நர்சுகளின் மேஜை தெரியாது. நடுவில் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் தன் பெயரில் என்னென்ன நடக்கிறதோ என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் எழுந்து, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, மேஜை வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"செக்கிங் வருது, செக்கிங் வருது" என்று எட்டாம் நம்பர்க்காரி ஒருநாள் குரல் கொடுத்தாள். பஸ்ஸில் பாதி வழியில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிறவர்களை அப்படித்தான் சொல்வது வழக்கம். அன்றிலிருந்து வார்டில் அவர் பெயர் செக்கிங்.

"எந்தச் செக்கிங்கைக் கண்டு இருபத்தாறு வருஷம் வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு இருந்தேனோ, அந்தப் பேரையே எனக்கு வச்சுட்டீங்களேடி" என்றார் கண்டக்டரம்மா. ஆனால் உள்ளூர அவருக்குப் பிடித்திருந்தது.

இந்தச் செக்கிங்கில் அதிகம் மாட்டியது காலை நேர நர்ஸ். பகலில் வார்டுக்கு இரண்டு சிஸ்டர்கள். பெரிய சிஸ்டர் மேற்பார்வை. சின்ன சிஸ்டர் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆன பெண். ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். இருபது கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான் ஊசித் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருவாள். ஆறாம் நம்பர் பக்கம் திரும்பும்போதே கண்டக்டரம்மா ஆரம்பித்துவிடுவார். தன் பெயர், வயது, சர்க்கரைக்காரி, இடது கால், அக்காவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதது. "இன்சுலின் பதினாறு யூனிட், சாப்பாட்டுக்கு முன்னாடி. அதானே? குப்பியைக் குடு."

"அதான்மா. இந்தாங்க."

"நீ இருபது பேருக்குப் போடுற. பேரைக் கேட்டுத்தானே போடுற?"

"கேட்டுத்தான்மா போடுறேன்."

"என்கிட்ட ஒருநாளும் கேக்கலையே."

சின்ன சிஸ்டர் லேசாகச் சிரித்தாள். "கேக்க எங்கம்மா விடுறீங்க?"

உண்மைதான். நாலு நாளில் அந்தப் பெண்ணுக்கு ஆறாம் நம்பரிடம் பெயர் கேட்க ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் பதினாலாம் நம்பருக்கு ஒரு தையல்காரம்மா வந்து சேர்ந்தார். கூட வந்த மகன் சாயங்காலம் கிளம்புவதற்குள் கண்டக்டரம்மா தானாகவே போய் அவருக்குத் தலையணையைச் சரிசெய்து கொடுத்திருந்தார். பித்தப்பையில் கல், மறுநாள் பதினோரு மணிக்கு ஆபரேஷன். வற்றிய உடம்பு. முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஒவ்வோர் அடியையும் யோசித்துத்தான் வைப்பார். பதினாலு எதிர் வரிசையில், நர்சுகளின் மேஜைக்கு நேர் எதிரே. அங்கிருந்து கழிவறைக்கு நாற்பது நாற்பத்தைந்து அடி. ராத்திரி எட்டு மணி மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் அந்தம்மா மூன்று தடவை போய் வந்துவிட்டார். மூன்றாவது தடவை திரும்பும்போது ஆறாம் நம்பர்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"உக்காருங்கக்கா" என்றார் கண்டக்டரம்மா.

"உக்காந்தா எந்திரிக்கிறது யாரு? தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சே முட்டி போச்சு."

"எனக்கு நின்னு போச்சு, உங்களுக்கு உக்காந்து போச்சு. சரிதான்." கண்டக்டரம்மா ஒரு நிமிஷம் அந்தம்மாவைப் பார்த்தார், கழிவறைக் கதவைப் பார்த்தார், எதிர் வரிசையில் காலியாகக் கிடந்த பதினாலைப் பார்த்தார். கை தானாகத் தலையணையை எடுத்துவிட்டது. "நீங்க இங்கயே படுத்துக்கோங்க. நான் அங்க போறேன்."

"ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்? எனக்கும் அந்த எடம்தான் வசதி."

அது பொய்யில்லை. பதினாலிலிருந்து நர்சுகளின் மேஜை, மருந்து அலமாரி, தள்ளுவண்டி எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். பஸ்ஸில் முன்வாசல் பின்வாசல் இரண்டும் தெரிகிற மாதிரி நிற்க இடம் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

தண்ணீர் பாட்டில், செருப்பு, துணிப்பை, எல்லாம் இடம் மாறின. கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற சார்ட் அட்டைகளையும் மறக்கவில்லை. அக்காவின் சீட்டு அவர் மனசில் எப்போதும் கிடந்தது. ஆள் போகிற இடத்துக்குச் சீட்டும் போக வேண்டும். இரண்டு அட்டைகளையும் கழற்றி, பெயரை வாசித்து, தையல்காரம்மாவுடையதை ஆறில் மாட்டினார், தன்னுடையதைப் பதினாலில் மாட்டினார். இரண்டு தடவை சரிபார்த்தார். சுவரில் இருக்கிற நம்பரைக் கழற்ற முடியாது. அதைப் பற்றி அவர் நினைக்கவும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் சொல்கிற வழக்கம் உண்டா என்ன?

நாலு நாளில் முதல் தடவையாக அன்று அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

காலையில் ஆறு மணிக்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரை இதயப் படம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். அங்கே ஏற்கெனவே ஏழு பேர் வரிசையில். திரும்பி வரும்போது ஏழே கால். வயிறு பசித்தது. பதினாலில் வந்து உட்கார்ந்து, இன்னும் தனக்கு ஊசி போடவில்லையே, சாப்பாட்டு வண்டி வந்துவிடுமே என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன சிஸ்டர் கையில் ஒரு தட்டோடு நேராகப் பதினாலுக்கு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இங்க உக்காந்திருக்கீங்க? பதினாலாம் நம்பர் அம்மா எங்க? ஆபரேஷனுக்கு முன்னாடி போடுற ஊசி இது."

"எனக்கு இன்சுலின் போடவே இல்லையே இன்னும்?"

"உங்களுக்கா?" அவள் சிரித்தாள். "போட்டாச்சேம்மா, ஆறரைக்கே. போர்வைக்குள்ள இருந்து கையை நீட்டினீங்களே. இன்னைக்கு அம்மா ஒரு கேள்விகூடக் கேக்கலையேன்னு நானே..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிர் வரிசைப் பக்கம் திரும்பினார்கள். ஆறாம் நம்பர்க் கட்டிலில், வெளிச்சம் கண்ணில் படாமல் தலை வரை போர்த்திக்கொண்டு ஓர் உருவம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. போர்வை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

"அது நான் இல்ல!" கண்டக்டரம்மா போட்ட சத்தம் வராந்தா வரை போயிருக்கும். "அது நான் இல்ல சிஸ்டர், அது தையல்காரம்மா! கட்டில் மாறிட்டோம்! அவங்களுக்குச் சர்க்கரையே கிடையாது!"

சின்ன சிஸ்டரின் தட்டு தரையில் விழுந்தது. போர்வையை விலக்கினால் தையல்காரம்மாவின் முகம் குளித்து எழுந்த மாதிரி நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. "பட்டன் வைக்கணும்... பட்டன்..." என்று வாய் முணுமுணுத்தது. ஆபரேஷனுக்காக நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத உடம்பு. அதில் பதினாறு யூனிட் இன்சுலின்.

இந்த வேர்வையும் உளறலும் கண்டக்டரம்மாவுக்குத் தெரிந்த சங்கதி. பஸ்ஸில் சாப்பிட நேரமில்லாத நாட்களில் அவருக்கே வந்திருக்கிறது. இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் வைத்திருப்பார். காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, ஒன்றைப் பிரித்து அந்தம்மா வாயருகே கொண்டுபோனார்.

"போடாதீங்க!" சின்ன சிஸ்டர் அவர் கையைத் தட்டிவிட்டாள். அவ்வளவு கனமான அடியை அந்த ஒல்லிக் கையிலிருந்து அவர் எதிர்பார்க்கவில்லை. "நினைவில்லாம இருக்காங்க, புரையேறிடும். தள்ளுங்கம்மா!"

தள்ளி நின்றார். சின்ன சிஸ்டர் அந்தம்மா விரலில் குத்திப் பார்த்தாள், சர்க்கரை முப்பத்தெட்டு. நரம்பைத் தேடி ஊசி ஏற்றினாள். டாக்டர் ஓடி வருவதற்குள் குளுக்கோஸ் பெரிய சிரிஞ்சில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டரம்மாவின் கண்ணுக்கு நேரே, தான் மாட்டிய சார்ட் அட்டை தொங்கியது. தையல்காரம்மாவின் பெயர், வயது, பித்தப்பைக் கல் எல்லாம் அதில் சரியாக இருந்தது. தள்ளுவண்டியில் ஒட்டியிருந்த மருந்துப் பட்டியலை அப்போதுதான் அவர் முதல் தடவையாகப் பார்த்தார். அதில் பெயரே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டில் நம்பர்தான் வரிசையாக இருந்தது. ஆறுக்கு நேரே: இன்சுலின், பதினாறு.

நாலு நாளாக அத்தனை குப்பிகளையும் வாசித்தவர் இந்த ஒரு தாளை வாசிக்கவில்லை.

எட்டு நிமிஷம் கழித்துத் தையல்காரம்மா கண்ணைச் சிமிட்டினார். சுற்றி டாக்டர், இரண்டு சிஸ்டர், வார்டுப் பெண்கள் பாதிப் பேர்.

"என்ன, எல்லாரும் எனக்கு அளவெடுக்க வந்தீங்களா?" என்றார் சன்னமாக.

யாரோ சிரித்தார்கள். சின்ன சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானை இல்லாத சீருடையின் கையால் முகத்தைத் துடைத்தாள்.

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. தையல்காரம்மாவை ஆறிலேயே வைத்துக் கால் மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டர் வந்து விசாரித்தார். "கட்டிலை மாத்தச் சொன்னது யாரு?"

கண்டக்டரம்மா வாயைத் திறந்தார். "நாங்களா... மாறிக்கிட்டோம்." அந்த "நாங்களா" அவர் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு கசந்தது.

"நீ பேர் கேட்டியா?" என்று பெரிய சிஸ்டர் சின்ன சிஸ்டரைக் கேட்டார்.

"இல்ல சிஸ்டர்."

"எழுதிக் குடுத்துடு. மேல அனுப்பணும்."

சின்ன சிஸ்டர் தலையாட்டிவிட்டுப் போனாள். கட்டில் மாறியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்டக்டரம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து மணிக்கு மகள் வந்தாள், வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு. அம்மா கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, நீ வாயைத் தொறக்காத."

"நான்தானேடி மாத்துனேன்."

"மாத்துனா? பேர் கேட்டுப் போடுறது அவங்க வேலையா, உன் வேலையா? அவங்க பேர் கேட்டிருந்தா நீ கட்டிலை மாத்தினா என்ன, கூரையில ஏறிப் படுத்தா என்ன? நீதானே நாலு நாளா இதையே சொல்லிக்கிட்டு இருந்த?"

"சொன்னேன்."

"இப்ப நீ போய் நான்தான்னு சொன்னா, எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டு அவங்க கையைக் கழுவிடுவாங்க. நீ கேட்டியே, கை கழுவுனீங்களான்னு? அப்பதான் நல்லாக் கழுவுவாங்க. உன் ஆபரேஷனையும் தள்ளிப் போடுவாங்க. காலைப் பாரு, புண்ணைப் பாரு."

மகள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் தொல்லை. கண்டக்டரம்மா மறுபடி நடக்க ஆரம்பித்தார். ஜன்னல், கட்டில், ஜன்னல். நாலாவது நடையில் தூணோரம் நின்றார். மேஜையில் சின்ன சிஸ்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள். மெமோவுக்குப் பதில் எழுதுகிற முதுகு எப்படி வளையும் என்று கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். அவரும் எத்தனையோ எழுதியிருக்கிறார். கூட்டம், மழை, பயணி சொல்லவில்லை, டிரைவர் நிறுத்தவில்லை. காரணங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தையல்காரம்மாவின் மகன் வந்தான். லேத் பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தான். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை. ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று நினைத்து வந்தவன். அம்மா கையில் குளுக்கோஸ் குழாயைப் பார்த்தான், நடந்ததைக் கேட்டான், அடுத்த நொடி மேஜைக்கு முன்னால் நின்றான்.

"யாரு ஊசி போட்டது? யாருன்னு கேக்குறேன்!"

சின்ன சிஸ்டர் எழுந்து நின்றாள். "நான்தான் சார்."

"கண்ணு எங்க இருந்துச்சு? எங்கம்மா போயிருந்தா நீ தருவியா? சம்பளம் வாங்குறல்ல, ஒரு பேரைக் கேக்குறதுக்கு வாய் வலிக்குதா? இதை நான் சும்மா விடமாட்டேன். நீ இந்த வேலையில எப்படி இருக்கேன்னு பாக்குறேன்!"

அவள் தலையைக் குனிந்து நின்றாள். வார்டு முழுவதும் மௌனம். அந்த மௌனம் கண்டக்டரம்மாவுக்குப் பழக்கமானது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்டு வாசலில், கையில் செருப்போடு நின்று இதைக் கேட்டிருக்கிறார். இப்படித்தான் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அம்மா" என்று மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"விடுடி."

அவர் நடந்து போய் அந்த மகனுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றார். பஸ்ஸில் சண்டையை விலக்குகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துத்தான் நின்றார், அது பழக்கம். ஆனால் குரல் வழக்கம் போல எழவில்லை.

"தம்பி, கட்டிலை மாத்துனது நான். உங்கம்மா கேக்கல. யாரும் சொல்லல. கக்கூஸுக்கு ரொம்ப தூரம் நடக்குறாங்களேன்னு மாத்துனேன். அது பாதிதான் உண்மை. எனக்கும் இந்த எடம் வேணும்னு இருந்துச்சு, இங்க இருந்து பாத்தா சிஸ்டருங்க என்ன பண்றாங்கன்னு தெரியும்ல, அதுக்காகவும்தான். ராத்திரி சிஸ்டர்கிட்டயும் சொல்லல, காலையிலயும் சொல்லல. உங்கம்மாவுக்குப் போட்டது எனக்கு வந்த ஊசி."

அவன் திகைத்துப் பார்த்தான். "நீங்கதானே நேத்து சாயங்காலம் எங்கம்மாவுக்குத் தலையணை எல்லாம் சரி பண்ணிக் குடுத்தீங்க?"

"நான்தான்."

"எங்கம்மா செத்திருந்தா?"

"ஆமா" என்றார். அது பதிலே இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. அவன் அடித்துவிடுவான் என்றே நினைத்தார். அடிக்கவில்லை. எண்ணெய்க் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

எதிர் வரிசையிலிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. "டேய், போதும் வா. ஊசியைப் பாத்ததும் எதுக்குன்னு கேக்காம கையை நீட்டினவ நான். ஆபரேஷன் ஊசின்னு நெனச்சேன். என்னையும் சேத்து ஏசு, இல்லன்னா எல்லாரையும் விடு."

கண்டக்டரம்மா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். மெமோவுக்குப் பதில் எழுதிக் கை தேர்ந்தவர்தான், ஆனாலும் அரை மணி ஆயிற்று. கூட்டம், மழை எதுவும் அதில் வரவில்லை. எட்டரை மணிக்கு நான் மாற்றினேன், சார்ட்டையும் மாற்றி மாட்டினேன், யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெரிய சிஸ்டரிடம் நீட்டினார்.

பெரிய சிஸ்டர் வாசித்தார். "இதையும் சேத்து அனுப்புறேன். ஆனா இதனால அவ தப்பு இல்லைன்னு ஆகிடாது. பேர் கேக்காதது கேக்காததுதான்."

"தெரியும் சிஸ்டர். அவ பேர் கேக்கல, நான் சொல்லல. ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணை மட்டும் அனுப்பாதீங்க."

மகள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், "போய் உன் கட்டில்ல படு" என்றாள். "அந்தச் சுவத்துல எழுதியிருக்கே, அந்த நம்பர்ல."

மறுநாளும் அடுத்த நாளும் சின்ன சிஸ்டர் வரவில்லை. வேறு ஒரு நர்ஸ் வந்தாள். கண்டக்டரம்மா குப்பியை வாசித்தார், நோட்டில் எழுதினார், ஆனால் கை மட்டும்தான் எழுதியது. வார்டு வாசலில் நிழல் விழும்போதெல்லாம் எழுந்து பார்த்தார். இதற்கு நடுவில், பதினாலுக்கே திரும்பிவிட்ட தையல்காரம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேலால் கோடு போட்டு, பெயர்களைத் தானே எழுதி, தள்ளுவண்டிப் பட்டியலின் மேல் ஒட்டினார். பசை காயும் வரை விரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்குத் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. உருட்டிக்கொண்டு வந்தது சின்ன சிஸ்டர். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து விட்டுவிட்டார்கள், வேலை தப்பியது என்று எட்டாம் நம்பர்க்காரி அதற்குள் செய்தி கொண்டுவந்துவிட்டாள்.

வண்டி ஆறாம் நம்பரில் நின்றது. கண்டக்டரம்மாவின் பெயரும் வயதும் இடது காலும் எல்லாம் நாக்கு நுனி வரை வந்து முட்டிக்கொண்டு நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சும்மா இருந்த மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

"உங்க பேர் சொல்லுங்கம்மா" என்றாள் சின்ன சிஸ்டர்.

சொன்னார். அவள் தாளில் விரல் வைத்துப் பார்த்தாள். குப்பியை அவளாகவே நீட்டினாள். கண்டக்டரம்மா கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"ரெண்டு நாள் எங்க போனே?"

"வீட்டுல இருக்கச் சொன்னாங்க."

"என்னால."

சின்ன சிஸ்டர் ஊசியைப் போட்டுப் பஞ்சை அழுத்தினாள். "அன்னைக்கு நீங்க கேள்வி கேக்கலன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா" என்றாள் மெதுவாக. "அதை நான் எழுதிக் குடுத்ததுல எழுதல."

கண்டக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அவள் ஏழாம் நம்பருக்குப் போய்விட்டாள். "உங்க பேர் சொல்லுங்க" என்று அங்கே கேட்பது கேட்டது.

அதற்கு அடுத்த நாள் கண்டக்டரம்மாவுக்கு ஆபரேஷன். பத்து மணிக்குத் தியேட்டர் ஆள் தள்ளு படுக்கையோடு வந்து வாசலில் நின்று கத்தினான். "ஆறாம் நம்பர்!"

பதினாலிலிருந்து தையல்காரம்மா தலையைத் தூக்கினார். "யோவ், இங்க ஆறாம் நம்பர்னு யாரும் இல்ல. பேரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போ. அனுபவப்பட்டவ சொல்றேன்."

வார்டு சிரித்தது. அவன் முறைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்துப் பெயரைக் கேட்டான். கண்டக்டரம்மா பெயரைச் சொன்னார். எந்தக் கால் என்று கேட்டான். இடது என்று சொல்லி, புடவையை விலக்கி, டாக்டர் மையால் போட்டுவிட்டுப் போன கோட்டைக் காட்டினார். மகள் சார்ட்டைக் கழற்றி அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"இதை விட்டுறாதம்மா."

"இது மட்டும் போதாதுடி" என்றார் அவர்.

தள்ளு படுக்கை நகர்ந்தது. வார்டுக் கூரை பின்னால் போயிற்று. வராந்தா விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கடந்தன. மல்லாந்து படுத்தபடி அவர் பயணம் போவது அதுதான் முதல் தடவை. ஒரு கை சார்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை தானாக மேலே எழும்பி, இல்லாத கம்பியைத் தேடிக் காற்றில் துழாவியது.

"கையைக் கீழ வைங்கம்மா, கதவுல இடிக்கும்" என்றான் தள்ளுகிறவன்.

"எந்த ஆபரேஷன் தியேட்டருக்குப் போறோம், ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டார் கண்டக்டரம்மா. "ஒரு தடவை பாத்துச் சொல்லுப்பா."